வியாழக்கிழமைக் காருக்கு ஒரு றோட்டு

எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் வருவது மாரியில். எங்கள் ஊருக்குப் பாதை இல்லாமற் போவதும் மாரியில். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் யாருக்கும் வயிறு பற்றி எரிய வேண்டும். ஊரில் ஒருவருக்கும் எரியவில்லை. காய்ச்சல் ஒரு சங்கதி, பாதை இன்னொரு சங்கதி என்றே வைத்திருந்தார்கள். தை பிறந்தால் வெள்ளம் வடியும், வெள்ளம் வடிந்தால் காய்ச்சலும் விடும், அதுவரைக்கும் கொத்தமல்லி அவித்துக் குடி என்பதுதான் ஊரின் தீர்ப்பு.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெருந்தெருவுக்கு நாலு மைல். பெருந்தெருவில் ஏறிவிட்டால் ஒரு மருந்துச்சாலை உண்டு. பட்டணத்து ஆசுபத்திரிக்குப் பஸ்ஸும் உண்டு. ஆனால் அந்த நாலு மைலில் இரண்டு மைல் வட்டைக்குள்ளால், அதாவது ஊரார் எல்லாருடைய வயலும் ஒன்றாகக் கிடக்கும் வெளிக்குள்ளால், போகிறது. மாரியில் மேட்டுக் காட்டுத் தண்ணீர் முழுவதும் வாவிக்குப் போகிற வழியில் எங்கள் பாதையில் ஏறி இறங்கித்தான் போகும். முழங்காலளவு எவ்விடம், இடுப்பளவு எவ்விடம் என்று வண்டில் கவிழ்ந்த பிறகுதான் தெரியும். நடுங்குகிற மனிதனை அதில் ஏற்றிக்கொண்டு போவதைவிட வீட்டிலே போட்டு மூடி வைப்பது மேல் என்று அம்மா சொல்வா. அவ சொன்னதில் பிழையில்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

எங்கள் குடும்பத்தில் புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான். எட்டு வயதில் என்னைப் பட்டணத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டார்கள். பத்து வருடம் கழித்து ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தேன். ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை ஊர்ப் பள்ளிக் கொட்டிலில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். வந்த முதல் மாரியிலேயே அப்பா படுத்துவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். மூன்று பாய், இரண்டு சாக்கு, அதற்கு மேல் நான் படுத்து அமுக்கியும் அந்த உடம்பு ஆடியது. தையில் எழும்பினார். எழும்பியவரின் வயிற்றில் இடப்பக்கம் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. இன்னொரு மாரி இப்படிப் போனால் இவர் எழும்பமாட்டார் என்று எனக்குப் பட்டது. அவரிடமே சொன்னேன்.

"இன்னொரு மாரியா? அதுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு மனே," என்று சொல்லி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் நான் பாதை கேட்டு அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதத் தொடங்கினேன்.

பெட்டிசம் எழுதுவது சுகம். அதற்குக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்குவதுதான் உயிர் போகிற வேலை. வட்டையின் தண்ணீருக்கும் வேலிக்கும் வேலைக்கும் பொறுப்பானவரை நாங்கள் வட்டைவிதானை என்போம். முதலில் அவரிடம் போனேன். பாதையோடு யானைத் தொல்லையையும் எழுதினால்தான் கைநாட்டு வைப்பேன் என்றார்.

"பாதையை மட்டும் எழுதினா பாதைக்காரன் மட்டும்தான் படிப்பான் தம்பி. யானையையும் போடு. ஆராவது ஒருத்தன் வருவான்."

அடுத்த வீட்டில் இருந்தவர், தன்னுடைய எருமை இரண்டு காணாமற்போனதை ஒரு வரியில் போடச் சொன்னார்.

"அண்ணே, இது றோட்டுக்கு எழுதிற பெட்டிசம்."

"அந்த றோட்டாலதானே எருமை போன! குறியும் சொல்றன், எழுது."

எழுதினேன். எழுதாவிட்டால் அந்த வீதியில் ஒரு விரலும் மையில் படாது. இரண்டு பெட்டிசத்துக்குப் பதிலே இல்லை. யானையும் எருமையும் இல்லாமல், ஊராருக்குச் சொல்லாமல், நானே கையொப்பமிட்டு அனுப்பிய மூன்றாவதற்குப் பலன் கிடைத்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் றோட்டு வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

அவர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த தொப்பி, கையில் ஒரு நீளப் புத்தகம். அன்று ஊர் ஆண்கள் எல்லாரும் களத்தில் எருமைகளைக் கட்டி நெற்கதிர்ச் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் யானைக் கதை தொடங்கும் என்று பயந்து, நான் தனியாகவே ஓவசியரைக் கூட்டிக்கொண்டு வட்டைக்குள் நடந்தேன். பாதையை இரண்டு முழம் உயர்த்திக் கிறவல், அதாவது சரளை மண், போடலாம், ஆனால் தண்ணீர் கடக்க ஒரு மதகு வேண்டும், ஒன்றுதான் தரலாம், எவ்விடத்தில் என்று கேட்டார். நடுவெளியில் ஒரு மருதமரத்தின் பக்கத்தில் நிலம் நன்றாகப் பதிந்து கிடந்தது. பார்த்த எவனும் அதைத்தான் காட்டுவான். நானும் காட்டினேன்.

"உதிலையோ தண்ணி பாயிறது? வடிவாத் தெரியுமோ உமக்கு?"

"ஓம் ஐயா."

"நீர் படிச்ச பிள்ளை. உம்மை நம்பித்தான் முளை அடிக்கிறன்."

முளை அடித்தார். அந்த 'ஓம் ஐயா' என் வாயிலிருந்து வந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே இரண்டு போடவேண்டும் போல இருக்கிறது.

ஆவணியிலும் புரட்டாதியிலும் வேலை நடந்தது. இரண்டு மாதமும் நான் கேட்காத முறைப்பாடு இல்லை. கிறவல் வண்டில் போவதால் கோழிகள் மிரளுகின்றன. பாதையை உயர்த்துவதால் எங்கள் வீட்டு முற்றம் பள்ளமாகத் தெரிகிறது. அப்பாவோ, தன் வயலில் ஒரு சாண் அகலம் றோட்டுக்குள் போய்விட்டது என்று ஒவ்வொரு நாளும் கால் அடியால் அளந்து எனக்குக் காட்டினார்.

"உன்ட றோட்டு என்ட வயலைத் தின்னுது."

"உங்கட காய்ச்சலுக்குத்தானப்பா அந்த றோட்டு."

"காய்ச்சல் மனிசனைத்தான் தின்னும். வயலைத் தின்னாது."

இப்படிப் பேசுகிறவரோடு என்ன செய்வது?

ஆனால் றோட்டு வந்தது. வந்தபின் நடந்தவற்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏறாவூரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் கோடையில் மட்டும், வண்டிலில் சாமான் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எங்களுக்கு அவர் காக்கா. அவர் இப்போது கிழமைக்கு ஒருமுறை வந்தார். முன்பு பாதிவழியில் சிந்தி முடிந்துவிடும் மண்ணெண்ணெய், தகரம் நிறைய வந்து சேர்ந்தது. உப்பு ஈரமில்லாமல் வந்தது. கருவாடும் சீலையும் ஒரே வண்டிலில் வந்தாலும் சீலையில் கருவாட்டுத் தண்ணீர் ஊறவில்லை. பெண்கள் கத்தரிக்காயையும் வெண்டிக்காயையும் கூடையில் அடுக்கி, காக்காவின் திரும்பும் வண்டிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிற கடிதம், எழுதியவருக்கு மறந்துபோகுமுன் வந்தது.

எல்லாவற்றிலும் பெரிது அக்காவின் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கிற மாப்பிள்ளைமார் படுவான்கரைச் சேற்றுக்குள் வந்து குடியிருக்கச் சம்மதிப்பதில்லை. அக்காவுக்குப் பேசி இரண்டு இடம் அப்படியே விட்டுப்போயிருந்தது. புது றோட்டால் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போன மூன்றாவது இடத்தார் சரி என்றார்கள். தையில் கலியாணம். வீடு அக்காவுக்குச் சீதனம். அதற்காக அப்பா ஓலைத்தட்டியைக் கழற்றிவிட்டு, முதிரைப் பலகையில் ஒரு கதவு போட்டார். அக்கா அதை நாளுக்கு மூன்றுதரம் துடைப்பா.

ஐப்பசித் தொடக்கத்தில் மருந்துச்சாலை டாக்டர் ஒரு சின்னக் கறுப்புக் காரில் வந்தார். றோட்டைக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். பள்ளிக் கொட்டிலில் இருந்து எல்லாருக்கும் வயிறு தடவிப் பார்த்து, காய்ச்சலுக்குக் கொயினா என்ற கசப்பு மருந்து கொடுத்தார். அப்பாவின் வயிற்றில் கைவைத்ததும் அவர் முகம் மாறியது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவருக்கு மாரி முடியிற வரைக்கும் கிழமைக்குக் கிழமை நான் பார்த்து மருந்து குடுக்கவேணும். விட்டால் தையைக் காணமாட்டார். இனி வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவன். ஆனா ஒரு வியாழன் கார் போகேலாமல் நிண்டுதெண்டால், உங்கட நாளை வேற ஊருக்குக் குடுத்திடுவன். ரெண்டு ஊர் கேட்டுக்கொண்டு நிக்குது."

அப்பா கொயினாவைக் குடித்துவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டு இருந்தார். காதுக்குள் வண்டு பறக்கிறது என்றார். இதைவிடக் காய்ச்சல் நல்லது என்றார். ஆனால் காய்ச்சல் விட்டது. ஐந்து வியாழன் கார் வந்தது. ஐந்து கிழமையும் அவர் நடுங்கவில்லை. நடுங்காத மனிதன் வயலில் நிற்பதுதான் வழக்கம் என்று வயலில் நின்றார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு தொடங்கிய மழை செவ்வாய் மத்தியானம்வரை ஓயவில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா இல்லை.

"அப்பா எங்க?"

"ஆக்களோட றோட்டடிக்குப் போன. மண்வெட்டியும் கொண்டுதான்," என்றா அம்மா.

மண்வெட்டி என்றதும், குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேருமுன் காற்று அதைப் பூவைப்போல விரித்துவிட்டது.

எங்கள் வயல் முடிகிற வளைவில், பத்துப் பன்னிரண்டு பேர் றோட்டின்மேல் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு றோட்டு வெட்டப்பட்டிருந்தது. அதற்குள்ளால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வாவிப்பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. எல்லார் முகத்திலும் ஒரு நல்ல காரியம் செய்து முடித்த நிம்மதி.

"என்ன செய்துபோட்டீங்க!"

"வக்கடை வெட்டின நாங்க," என்றார் வட்டைவிதானை. வரப்பில் தண்ணீர் போக வெட்டுகிற வாய்க்குத்தான் நாங்கள் வக்கடை என்போம். "பயப்படாத தம்பி. சத்தம் வச்சித்தான் வெட்டின."

சத்தம் வைப்பது எங்கள் வட்டை வழக்கம். மேல்வயலில் தண்ணீர் முட்டினால் வரப்பை வெட்டிக் கீழ்வயலுக்கு விடலாம். ஆனால் வெட்டுமுன் கீழ்வயல்காரனுக்குக் கேட்க உரத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு வெட்டினால் பிறகு வழக்கில்லை.

"ஆருக்குச் சத்தம் வச்சீங்க?"

"றோட்டுக்கு."

"றோட்டுக்கா?"

"மூணுதரம் வச்ச. ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல."

"இது கவுண்மேந்து றோட்டு!"

"அந்தச் சத்தம் கவுண்மேந்துக்கும் கேட்டிரிக்கும்," என்றார் எருமை தொலைத்தவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "நாளையிண்டைக்கு வியாழக்கிழமை. டாக்டர்ட கார் எப்பிடி வாற?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்.

"பயிர் மூணு நாளாத் தண்ணிக்குள்ள கிடக்கு. இன்னொரு நாள் கிடந்தா அழுகிப்போகும். தண்ணி வடியட்டும், காலமை ரெண்டு கட்டி மண் போட்டு அடைச்சிருவம். நீ இந்தக் குடையைக் கொண்டு வீட்ட போ மனே."

வரப்பு என்றால் அவர் சொன்னது சரி. வரப்பு களிமண். வெட்டிய அளவிலே நிற்கும், இரண்டு கட்டி போட்டால் அடைபடும். றோட்டு கிறவலும் மணலும். நாங்கள் பேசிக்கொண்டு நிற்கையிலேயே வக்கடையின் ஓரம் சரிந்தது. ஒரு மண்வெட்டி அகலம் இரண்டாயிற்று. இரண்டு ஓர் ஆள் அகலமாயிற்று. நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பின்வாங்கினார்கள். ஒரு வண்டிலும் மாடும் நீட்டி நிற்கிற அளவுக்கு றோட்டு கரைந்து போனபின்தான் தண்ணீருக்கு ஆறுதல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"வரம்பெண்டா நிண்டிரிக்கும்," என்றார் அப்பா மெதுவாக.

"இது வரம்பில்லையப்பா! எத்தனை தரம் சொல்ற? இது வரம்பில்லை!"

அப்போது அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "உன்ட மதகால ஒரு சொட்டுத் தண்ணி போகல்ல. போய்ப் பார், தவளை குந்திக்கொண்டு இரிக்கி. தண்ணி போறது இந்த வளைவால. நான் பொறந்த நாளிலயிருந்து இந்த வளைவால. மருதமரத்தடியில மதகு வைக்கச் சொன்ன விசரன் ஆரு?"

அந்த விசரன் நான்தான். மருதமரத்தடியில் பள்ளம் இருந்தது உண்மை. மேற்கே ஒரு திடல் மறிப்பதால் அதற்குள் தண்ணீர் வருவதில்லை என்பது மாரியில் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் எட்டு வயதிலிருந்து பத்து மாரியையும் பட்டணத்து விடுதி ஜன்னலுக்குள்ளால் பார்த்தவன். கோடை விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்தவன். போன மாரியிலும் அப்பாவின் பாயடியை விட்டு வட்டைப் பக்கம் போகவில்லை. ஓவசியர் வந்த அன்று களத்தில் நின்றவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். யானைக்குப் பயந்து கேட்கவில்லை.

புதன்கிழமை முழுவதும் அடைத்தோம். களிமண் கட்டி, வைக்கோல், முளை, மணல் நிரப்பிய சாக்கு. போட்டது போட்டபடி வாவிக்குப் போனது. மத்தியானம் இடுப்பளவு தண்ணீரில் நின்று முளை அடித்துக்கொண்டிருந்த அப்பாவின் பற்கள் கிட்டின. தூக்கிக்கொண்டு போய்ப் பாய்க்குள் போட்டோம். ஐந்து கிழமை விட்டிருந்த நடுக்கம், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

வியாழன் காலை மழை விட்டிருந்தது. காக்காவின் வண்டில் முதலில் வந்து வெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"தம்பீ!" என்று கூப்பிட்டார். "இது றோட்டா, துறையா? சொல்லியிருந்தா நான் தோணி கொண்டு வந்திருப்பனே!"

அவருக்குப் பின்னால் கறுப்புக் கார் வந்து நின்றது. டாக்டர் இறங்கி, வெட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இந்தப் பக்கம் அப்பாவை இரண்டுபேர் தாங்கிப்பிடித்திருந்தார்கள்.

"ஆர் இதை வெட்டினது?"

வட்டைவிதானை வானத்தைப் பார்த்தார். எருமைக்காரர் எங்கே நின்றார் என்றே தெரியவில்லை. அப்பாதான், பல் நடுங்க, "நாங்கதான் ஐயா," என்றார்.

"உமக்கு வெள்ளாமை வேணுமா, மருந்து வேணுமா?"

"ரெண்டும் வேணும் ஐயா," என்றார் அப்பா.

டாக்டர் காருக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்தார். பிறகு காக்காவின் வண்டில் பின்பலகையை இறக்கச் சொல்லி, அதன்மேல் மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்தார். வரக்கூடியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கடந்தார்கள். அப்பாவை நானும் இன்னொருவரும் தோளில் வைத்துக் கடத்தினோம். மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "இண்டைக்கு மன்னிச்சன். வாற வியாழன் கார் அந்தக் கொட்டிலடியில நிக்கவேணும். இல்லையெண்டால் அந்த நாள் உங்களுக்கு இல்லை."

அன்றே நான் பெருந்தெருவுக்கு நடந்து, கரடியனாற்றுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓவசியரைத் தேடிப்போனேன். வெட்டியவர்களின் பெயரைக் கேட்பார், பொலிசுக்கு எழுதுவார் என்று வழிமுழுக்கப் பயம். மதகைப் பிழையான இடத்தில் காட்டியது நான்தான், அதனால்தான் றோட்டுப் போனது என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"நீர் எனக்கு 'ஓம் ஐயா' எண்டு சொன்னீரே!"

"ஓம் ஐயா."

"இப்பவும் உதையே சொல்லும்! படிச்ச பிள்ளை எண்டு நம்பினனே. ஒரு கிழவனைக் கேட்டிருந்தால் காணுமே." தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அது கிடக்கட்டும். வெட்டினவை ஆர்?"

"வெட்டு பெருத்தது கிறவல் கரைஞ்சதால ஐயா."

"அதை நான் கேக்கேல்லை," என்றார். ஆனால் திரும்பவும் கேட்கவுமில்லை.

மாரிக்குள் மதகு கட்ட முடியாது. கோடையில் அந்த வளைவில் ஒன்று போட்டுத் தருவேன், அதுவரை மரப்பாலம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சனிக்கிழமை தானே வந்து, மரம் எவ்வளவு தடிப்பு வேண்டும், அதைத் தாங்குகிற முண்டு எங்கே கொடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். காட்டிலிருந்து நாலு பெரிய மரம் தறித்து, சூடு மிதிக்கிற எருமைகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். இந்த வேலையில் ஊரார் காட்டிய ஊக்கத்தை நான் மறுக்கமுடியாது. றோட்டை வெட்டிய அதே பன்னிரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்று முண்டு நட்டார்கள். பக்கத்துக்கு இரண்டாக, சக்கரச் சில்லு போகிற இடத்தில் மரத்தைக் கிடத்தினார்கள். புதன் மத்தியானம் வேலை முடிந்தது. வட்டைவிதானை ஒரு வெறும் வண்டிலை ஓட்டிக் காட்டினார். அருமையாகப் போனது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் உறைத்தது.

"கார் சில்லு இவ்வளவு அகலமா?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் ஒருவருக்கும் தெரிந்த அகலம் வண்டில் அகலம்தான். அந்தச் சின்னக் காரின் சில்லு இரண்டும் மரங்களுக்கு நடுவே தண்ணீருக்குள் நேராக இறங்கிவிடும். நாலு நாளாக நானும்தான் கூட நின்றேன். எனக்கும் தோன்றவில்லை.

மரத்தைத் திரும்ப எடுத்துப் போட நேரமில்லை. குறுக்கே பலகை போட்டால் கார் எங்கேயும் போகலாம். பலகை வாங்கப் பட்டணம் போகவேண்டும். அந்த ஊரில் அன்றைக்கு அறுத்த பலகை என்று இருந்தது கதவுகள் மட்டும்தான். பெரும்பாலான வீடுகளுக்கு ஓலைத்தட்டி. பலகைக் கதவு ஆறே ஆறு. வட்டைவிதானை வீட்டுக் கதவு ஒன்று, பள்ளிக் கொட்டிலின் ஒன்று, வேறு மூன்று வீடுகள், பிறகு எங்கள் வீடு.

"என்ட வீட்டுக் கதவா?" என்றா அக்கா. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றா. "தையில அவங்க வரக்குள்ள வீட்டுக்குக் கதவில்லையெண்டா என்ன நினைப்பாங்க?"

"வரட்டும். நாய் நுழையிற வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வரப்போறான்," என்றா அம்மாவும்.

பாய்க்குள் கிடந்த அப்பா நடுக்கத்துக்கு நடுவில் எதையோ சொல்ல முயன்றார். காய்ச்சலில் கதவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அக்கா, கதவிலிருந்து விலகினா. கழற்றும்போது பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டா.

வியாழன் காலை ஆறு கதவும் மரங்களின்மேல் வரிசையாகக் கிடந்தன. கயிற்றால் வரிந்து கட்டியிருந்தோம். டாக்டர் இறங்கி முதலில் நடந்து பார்த்தார். நடுவில் நின்று குனிந்து, "இது என்ன, தாழ்ப்பாளா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. கழற்ற நேரமில்லை."

"கதவு தட்டிவிட்டுத்தானே உள்ள வரவேணும்," என்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார். அதன்பின் காரில் ஏறினார். இரண்டு பக்கமும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாக ஓலமிட்டன. கார் இந்தப் பக்கம் ஏறியது. காக்கா பின்னாலேயே வண்டிலை ஓட்டிக்கொண்டு வந்து, "ஆறு வாசலுக்குள்ளால ஒரே நேரத்தில நுழைஞ்சு வந்த மனிசன் நான்தான்," என்று சிரித்தார்.

கார் கொட்டிலடியில் நின்றது. அப்பாவுக்கு அன்று மருந்து இருமடங்கு.

அதற்குப்பின் ஒரு வியாழனும் தவறவில்லை. நீர் வளைவால் போனது, கார் அதற்கு மேலால் வந்தது, பயிரும் தப்பியது. இதெல்லாம் நடந்ததற்கு எனக்கு நன்றி சொன்னவர் ஒருவருமில்லை. மாறாக, கதவில்லாத ஆறு வாசலிலும் மாரி முழுவதும் நாயும் ஆடும் பக்கத்து வீட்டுக் கோழியும் புகுந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு. அக்காவின் கலியாணத்துக்கு ஓலைத்தட்டியைத் திரும்ப மாட்டினோம். மாப்பிள்ளை அதை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். குறை சொல்லவில்லை. சைக்கிள் நனையாமல் வந்து சேர்ந்ததே அவருக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கும்.

சித்திரையில் ஓவசியர் சொன்னபடி வளைவில் மதகு கட்டினார். இம்முறை முளை அடிக்கும்போது பன்னிரண்டு பேரும் கூட நின்றார்கள். என்னைத் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். கதவுகளைக் கழற்றித் தூக்கினோம். ஐந்து மாதம் வண்டிலும் மாடும் காரும் ஏறி, எது எவருடையது என்று தெரியாத அளவுக்கு எல்லாம் ஒரேமாதிரி ஆகியிருந்தன. ஆளுக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது எங்களுடையதல்ல. இரண்டு விரல் அகலம் கூட. மாட்டியிருக்கிறோம், ஆனால் நிலையில் பொருந்தாது. சாத்தினால் திரும்பத் திறந்துகொள்ளும். சரியான கதவைத் தேடி எடு என்று அக்கா இன்றைக்கும் என்னைத்தான் ஏசுகிறா. மற்ற ஐந்து வாசலிலும் போய்க் கேட்டுவிட்டேன். ஒருவரும் தங்களுடையது பிழை என்று ஒத்துக்கொள்வதில்லை.

இந்த மாரியும் மழை பலம். இன்று வியாழக்கிழமை. கார் வந்து கொட்டிலடியில் நிற்கிறது. கதவு திறந்தபடி கிடக்கிறது. அப்பாவை மருந்துக்குக் கூப்பிட உள்ளே போனேன். பாய் சுருட்டி வைத்திருக்கிறது. மண்வெட்டியைக் காணோம். வயலுக்குப் போய்விட்டார்.